விரதமும் பட்டினியும்: ஒரு கிழமைக் கணக்கு

எமது ஆலயத்தின் ஆண்டு மலரிலே கிரியை விளக்கம், தல வரலாறு, நாயன்மார் சரிதம் முதலானவற்றை அறிஞர் பெருமக்கள் எழுதி வருகின்றார்கள். 1984 முதல் 2019 வரை அரச பணிமனைகளிலே எழுதுவினைஞனாக இருந்து, கோவைகளோடும் இடாப்புகளோடும் காலத்தைக் கழித்த எனக்கு அத்தகைய கல்வி இல்லை. எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். ஆகவே ஒரு குடும்பம் ஒரு கிழமைக்குக் கடைச் சாமான் வாங்கும் கணக்கைப் பற்றி எழுதத் துணிந்தேன். கோயில் மலரிலே கடைக் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அறம் என்பது ஆலயத்தின் மூலஸ்தானத்திலே போற்றப்படுகின்றது; ஆனால் நாள்தோறும் அது சோதிக்கப்படுவது வீட்டு அடுப்படியிலேதான் என்பது என் அனுபவம். படித்து முடித்தபின் என் எண்ணம் சரியா பிழையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எம் முன்னோர் வாக்கு. வருவாயின் வழி சிறிதாக இருந்தாலும், செலவின் வழி அதிலும் பெரிதாகாதவரை கேடில்லை என்று வள்ளுவப் பெருந்தகையும் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே கூறியுள்ளார். எனவே சிக்கனம் நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியல்ல. சிக்கனத்தின் நன்மையை வன்னி மக்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. என் மனத்தை நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. ஒரு கிழமைக்குப் பணம் போதாமற் போகும்போது, வீட்டிலே எங்கோ ஓரிடத்திலே குறைத்தே ஆகவேண்டும். அந்தக் குறை யாருடைய கோப்பையிலே விழுகின்றது? அதைத் தீர்மானிப்பவர் யார்?

எங்கள் தலைமுறை பல தட்டுப்பாடுகளைக் கண்டது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டுத் தோட்டங்கள் செழித்தன; அதே காலத்திலே விடியப்புறம் எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்றதும் எனக்கு நினைவிருக்கின்றது. 1990 முதல் 2002ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தங்கம்போலாயின. 1996இலே கிளிநொச்சி நகரை விட்டு மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சிதறி ஓடியபோது, தோளிலே சுமந்து வந்த அரிசி எத்தனை நாளுக்குக் காணும் என்பதே எல்லோருடைய கணக்காகவும் இருந்தது.

அக்காலத்திலே நான் கடமையாற்றிய பணிமனையில் உலர் உணவு நிவாரண இடாப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சங்கக் கடை மூலம் அரிசி, மா, பருப்பு, சீனி என்று கொடுக்கப்படும். அதற்கு ஓர் அளவுத்திட்டம் உண்டு. அங்கத்தவர் கூடக்கூடத் தொகையும் கூடும். ஆனால் ஐந்து பேரோடு அது நின்றுவிடும். ஐந்து பேருக்கும் மாதம் 1260 ரூபா. எட்டுப் பேருக்கும் அதே 1260 ரூபா. ஒரு நிரலிலே அங்கத்தவர் எட்டு என்று எழுதி, அடுத்த நிரலிலே 1260 என்று எழுதுவேன். சுற்றறிக்கைப்படி எழுதினேன், கூட்டல் பிழைக்கவில்லை, கணக்காய்வு வந்தபோதும் குற்றம் காணப்படவில்லை. ஆனால் அந்த வீடுகளிலே ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் எதைச் சாப்பிட்டார் என்பது என் இடாப்பிலே இல்லை. இடாப்பிலே இல்லாதவரின் பங்கை யாரோ ஒருவர் தம் கோப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். அவர் யார் என்பதை அறிய நான் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவர் என் வீட்டிலேயே இருந்தார்.

1997ஆம் ஆண்டு. ஸ்கந்தபுரத்திலே ஒரு கொட்டிலில் நாங்கள் ஆறு பேர். நான், துணைவியார், மூன்று பிள்ளைகள், என் தாயார். அரச ஊழியன் என்பதால் எனக்குச் சம்பளம் இருந்தது. ஆனால் அது பிந்தியும் முந்தியும் வரும். வந்ததும் நான்காகப் பிரித்து, சனிக்கிழமை தோறும் ஒரு பங்கை மனைவியின் கையிலே கொடுப்பேன். கொடுத்ததையும் வாங்கியதையும் ஒரு கொப்பியிலே எழுதுவேன். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, தேங்காய் இத்தனை, பிள்ளைகளுக்குச் சீனி இவ்வளவு. அந்தக் கொப்பியைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. கடன்படாமல் குடும்பம் நடத்துகிறேன் என்று பக்கத்துக் கொட்டில்காரருக்குச் சொல்லிக்கொண்டேன். கொட்டிலுக்கு அருகிலிருந்த கோயிலின் வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் அதே பணத்தில் ஒரு பங்கு கொடுத்து வந்தேன்.

என் துணைவியார் முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் விரதம் இருப்பவர். அந்த ஆண்டு செவ்வாயும் பிடித்தார். பின்னர் சோமவாரம் என்று திங்களும், சனீஸ்வரனுக்கு என்று சனியும் சேர்ந்தன. துன்பம் வந்தபோது பக்தி பெருகுகிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஒரு நாள் அரிசி கிழமை முடிய முன்னமே முடிந்துவிட்டதென்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூலையிலே பாயில் கிடந்த என் தாயார்தான் எழும்பியிருந்து சொன்னார்: "தம்பி, உன்ர பெண்சாதி பிடிக்கிறது விரதமில்லையடா. உன்ர கொப்பிக்கணக்குச் சரிவர வேணுமெண்டு கிடக்கிற பட்டினி."

மாமியார் மருமகளுக்காகப் பேசிய அந்தச் சொல் இன்றும் என் காதிலே கேட்கின்றது. அன்றிரவு கொப்பியை விரித்துப் பார்த்தேன். எல்லாப் பொருளுக்கும் நிரல் இருந்தது. யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதற்கு நிரல் இல்லை. அந்தக் கணக்கு மிச்சம் காட்டிய ஒவ்வொரு கிழமையும், அந்த மிச்சம் ஒருத்தியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. சோறு இருக்கும்போது மனமுவந்து உண்ணாதிருத்தல் விரதம். சோறு காணாது என்பதால் உண்ணாதிருத்தல் பட்டினி. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஆதலால்தான் ஒன்று மற்றொன்றின் பெயரிலே ஒளிந்துகொள்ள முடிகின்றது.

இது எமது வீடுகளுக்கு மட்டும் உரிய குறையன்று. செல்வம் கொழித்த இலண்டன் மாநகரிலே லாம்பெத் என்னும் தொழிலாளர் பகுதியில், 1909 தொடக்கம் சில ஆண்டுகள், ஃபேபியன் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று, கிழமைக்கு ஏறத்தாழ ஒரு பவுண் வருமானத்தில் குடும்பம் நடத்திய தாய்மாரைக் கணக்கு எழுதி வைக்கச் செய்தார்கள். மோட் பெம்பர் ரீவ்ஸ் என்ற அம்மையார் 1913இல் அதை நூலாக வெளியிட்டார். அந்தத் தாய்மார் ஊதாரிகள் அல்லர், ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்தவர்கள் என்பது அக்கணக்குகளால் விளங்கியது. உழைக்கப் போகும் ஆண்மகனுக்கு இறைச்சி போன்ற நல்ல உணவு, மீதியிலே பிள்ளைகள், அதற்கும் பின்னே தாய். தேசம் வேறு, மதம் வேறு, உணவு வேறு. கடைசிக் கோப்பை மட்டும் ஒருவருடையதே.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இதை உறவின் தன்னலத்தைக் காட்டும் பழமொழியாகவே பலரும் கொள்வர். எனக்கோ இது ஒரு நீதிவாக்காகத் தோன்றுகின்றது. வீடு என்பது ஒரு வயிறன்று; ஆறு பேர் இருந்தால் ஆறு வயிறு. 'வீட்டுக்குப் போதும்' என்று வீட்டுத்தலைவன் சொன்னால் ஆறு வயிற்றுக்கும் போதும் என்று பொருளாகாது. தாய் கடைசியிலே உண்பதைத் தியாகம் என்று நாம் புகழ்கின்றோம். அவ்வாறு புகழ்வது எமக்கு வசதியாகவும் இருக்கின்றது. புகழ்ந்தபின் பானைக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லையல்லவா?

போர் 2009 மே மாதத்திலே முடிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே சமைத்த சோற்றுக்கு ஏனத்தோடு வரிசையில் நின்றோம். மீளக்குடியேறி வந்தபின் பானை எமதாயிற்று. ஆனால் கிழமைக் கணக்கு இலகுவாகவில்லை. நுண்கடன் கொடுத்தோர் கிழமை தோறும் தவணை வாங்க வந்தார்கள். அரிசி வாங்க முன்னர் தவணைக்குக் காசு எடுத்து வைத்த பெண்கள் எத்தனையோ பேர். 2018இலே, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. அதாவது முந்திய ஆண்டு ஒரு பை நிறைய வந்த சாமானின் காசுக்கு, இப்போது அரைப் பைக்குச் சற்று மேலேதான் வந்தது. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, பட்டியலில் பெயர் வந்தவர் யார், வராதவர் யார் என்பதே ஊர்ப் பேச்சாக இருந்தது.

இவற்றிலெல்லாம் ஒரு பொது இயல்பை நான் காண்கின்றேன். எழுதப்பட்ட கடன் முதலில் தீர்க்கப்படுகின்றது. எழுதப்படாத கடன் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. கடன்காரனிடம் அட்டை உண்டு. கடை முதலாளியிடம் கொப்பி உண்டு. பிள்ளையின் பசிக்கும் தாயின் பசிக்கும் துண்டு எழுதுவாரில்லை. அப்படியானால் கோயில் எந்தப் பக்கத்திலே நிற்கின்றது? எங்களிடமும் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கின்றதே.

அந்தப் புத்தகத்தோடு நான் பெற்ற அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு மகோற்சவத்துக்கு உபயம் சேர்க்கப் போனபோது, எமது அயலூரிலே ஒரு சகோதரி 5000 ரூபா தந்தார். போருக்குப் பின் கணவர் திரும்பி வரவில்லை. நாற்று நடுவதும் கச்சான் பிடுங்குவதுமாக உழைத்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். "ஐயா, எங்கட பேரும் உபயகாரர் பட்டியலில வரவேணும்" என்று அவர் சொன்னபோது, என்ன பக்தி என்று வியந்து பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தேன். கொடியேற்றத்தன்று அவருடைய மகள் பூமாலை கட்ட வந்திருந்தாள். "அம்மா எங்கே பிள்ளை, வரேல்லையோ?" என்று கேட்டேன். "அம்மாவுக்குக் களைப்பு ஐயா. அவ ரெண்டு கிழமைக்கு முன்னமே விரதம் தொடங்கிட்டா" என்றாள்.

எமது ஆலயத்திலே விரதம் கொடியேற்றத்தோடுதான் தொடங்கும். இரண்டு கிழமைக்கு முன்னர் தொடங்கும் விரதம் எதுவும் இல்லை. அது என் பற்றுச்சீட்டின் திகதியிலே தொடங்கிய விரதம். இருபத்தாறு ஆண்டுகளின் பின் என் தாயாரின் குரலை மறுபடியும் கேட்டேன்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று ஒரு பழமொழி சொல்லுகின்றது. குங்குலியக்கலய நாயனாரின் சரிதமோ வேறு விதமாகச் சொல்வதுபோல் தோன்றும். திருக்கடவூரிலே வாழ்ந்த அந்த அடியார், வறுமையால் பிள்ளைகளும் சுற்றத்தாரும் பசித்திருந்தபோது, நெல் வாங்கி வரும்படி மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியை, வழியிலே கண்ட வணிகரிடம் கொடுத்துக் குங்குலியப் பொதியை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். அப்படியானால் பிள்ளை பசித்தாலும் கோயிலுக்குக் கொடுப்பதே மேல் என்று கொள்ளலாமா? சிறு வயதில் புராணபடனம் கேட்டபோது அப்படித்தான் நினைத்தேன். இப்போது அச்சரிதத்தின் பிற்பகுதியை உன்னிப்பாகப் படிக்கின்றேன். நாயனார் கோயிலிலே இருந்த அந்த இரவில், இறைவன் ஆணையால் குபேரன் செல்வத்தையும் நெல்லையும் நிறைத்த இடம் அவருடைய வீடு. அதைக் கனவிலே அறிவிக்கப் பெற்றவர், பசியோடு படுத்திருந்த அந்த அம்மையார். அதன்பின்னரே இறைவன் நாயனாரிடம் வீட்டுக்குப் போய்ப் பாலமுது உண்டு பசி தீருமாறு பணித்தார். அன்பை ஏற்ற இறைவனும், அடியவரின் வீட்டிலே பிள்ளைகள் பசித்திருக்க அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுப்பை மூட்ட வழிசெய்து, அடியவரை வீட்டுக்கு அனுப்பினார். ஆலயத்தை நிருவகிக்கும் எங்களால் குபேரனை அனுப்ப முடியாது. அந்த வல்லமை இல்லாத நாங்கள், தாலியை விற்ற காசென்று தெரிந்தும் வாங்கினால், இறைவன் செய்ததின் முற்பாதியை மட்டும் செய்தவர்களாவோம்.

இளையான்குடிமாற நாயனார் வீட்டிலே, விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்ற வழியைச் சொன்னவரே அவருடைய மனைவியார் என்பதும் நினைக்கத்தக்கது. அங்கே இருவரும் கலந்து கொடுத்தார்கள். தானம் செய்பவர் தம் பங்கைக் கொடுக்கலாம். கேட்கப்படாத ஒருவரின் பங்கைக் கொடுப்பது தானமாகுமா? 1997இல் நான் வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கொடுத்த பங்கு என்னுடையதன்று, என் மனைவியினுடையது. அவரை நான் கேட்கவில்லை.

இந்த எண்ணங்களைப் பரிபாலன சபைக் கூட்டத்திலே சொன்னேன். வறிய குடும்பங்களிடம் உபயம் வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. எதிர்ப்பு எழுந்தது, அந்த எதிர்ப்பிலே நியாயமும் இருந்தது. "இல்லாதவர் குடுத்தால் வேண்டாமெண்டு சொல்ல நாங்கள் ஆர்? காசுள்ளவைக்கு மட்டுமோ அம்பாள்?" என்று ஓர் அன்பர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சகோதரியிடமே போய், காசைத் திருப்பித் தரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருடைய முகம் மாறிவிட்டது. "ஐயா, நிவாரண லிஸ்ற்றில, கடன் லிஸ்ற்றில எல்லாம் எங்கட பேர் கிடக்குது. குடுக்கிற ஆக்களின்ர லிஸ்ற்றில ஒருக்கா எண்டாலும் கிடக்கட்டும் எண்டுதான் தந்தனான்" என்றார்.

அடியார்களே, அவர் பசியை மறந்தவரல்லர். வாங்குபவராகவே எழுதப்பட்டு வந்த தம் பெயரைக் கொடுப்பவராக எழுதுவிக்க விரும்பினார். அந்த விருப்பத்தை அவமதிக்கும் உரிமை எனக்கில்லை. அதேவேளை அந்த விருப்பத்துக்கு 5000 ரூபா விலை வைத்தவர்கள் யார்? நாங்கள்தான். தொகையின் வரிசைப்படி பெயரை அச்சிட்டு, ஒலிபெருக்கியிலே தொகையைச் சொல்லி, பக்திக்கு விலைப்பட்டியல் எழுதியவர்கள் நாங்கள். அவரைத் திருத்தப் போன நான், எங்கள் பட்டியலைத்தான் திருத்தியிருக்க வேண்டும்.

பல கூட்டங்களின் பின் சபை ஒரு முடிவுக்கு வந்துள்ளது. இம்மலரின் இறுதிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். உபயகாரர் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன. எவருடைய பெயருக்கு எதிரிலும் தொகை இல்லை. முழு நாள் உபயம் செய்தவரும், அன்னதானத்துக்கு ஒரு பிடி அரிசி தந்தவரும், காய்கறி வெட்டித் தந்தவரும் அதே அளவு எழுத்தில் இருக்கின்றார்கள். இதனால் இவ்வாண்டு வரவு சற்றுக் குறைந்தது என்பதையும் மறைக்கவில்லை. குறை ஒருவர் கோப்பையிலே விழுவதிலும் பார்க்க, மேளக் கச்சேரியிலும் மின்னலங்காரத்திலும் விழுந்தது நல்லதென்றே எண்ணுகின்றேன். எல்லா அன்பர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

வீட்டுத்தலைவர்களாகிய ஆண்களுக்கு ஒரு விண்ணப்பம். கிழமைச் சாமானுக்குக் காசு கொடுப்பதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். பானை நிறைந்திருக்கும்போது உண்டுவிட்டு எழும்பாமல், கிழமையில் ஒரு நாளாவது எல்லோருக்கும் போட்டபின் கடைசியிலே இருந்து உண்டு பாருங்கள். பானையின் அடி அப்போதுதான் தெரியும். காசு குறைந்த கிழமையிலே எதைக் குறைப்பதென்று மனைவியையும் தாயையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். வேலியிலே முருங்கை இருக்கின்றது, வளவிலே பொன்னாங்காணியும் வல்லாரையும் முளைக்கும், குளத்திலே மீன் இருக்கின்றது. சீனியைக் குறைக்கலாம், வெற்றிலையைக் குறைக்கலாம், கொண்டாட்டத்தைக் குறைக்கலாம். ஒருவருடைய சோற்றைக் குறைப்பதென்றால், அது எல்லோருடைய கோப்பையிலும் சமமாகக் குறையட்டும். வீட்டிலே ஒருவருக்கு விரதநாள்கள் கூடிக்கொண்டு போனால், அவருடைய பக்தியை மெச்ச முன்னர் அரிசிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

என் துணைவியார் இன்றும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கின்றார். சோறு வீட்டிலே இருக்கின்றது. அவர் விரும்பி உண்ணாதிருக்கின்றார். மாலையிலே பாறணைக்கு முதற் கோப்பையை நானே போட்டுக் கொடுக்கின்றேன். கொப்பி எழுதுவதை விட்டுவிட்டேன்.

எல்லா வீட்டு அடுப்பும் எரியவும், எல்லாக் கோப்பையிலும் சமமாகச் சோறு விழவும் அன்னபூரணியாகிய எம் அம்பாளின் திருவருளை வேண்டி அமைகின்றேன்.

சுபம்.